சீசருக்கு ஒரு வருத்தமும் இல்லை

சீசருக்கு முழு உடற்பரிசோதனை செய்ய வேண்டும் என்று கனடாவிலிருந்து உத்தரவு வந்தபோது, சீசர் செத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

குணலட்சுமி கிணற்றடியில் குந்தியிருந்து சட்டி மினுக்கிக்கொண்டிருந்தாள். கைபேசி கிணற்றுக் கட்டில் சாத்தியிருந்தது. அதற்குள் மயூரதனின் முகமும், முகத்துக்குப் பின்னால் ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டியும் தெரிந்தன.

"குணக்கா, வயசுபோன நாயளுக்கு வருசத்துக்கு ஒருக்காவெண்டாலும் செக்கப் செய்யவேணும். இஞ்சை எல்லாரும் செய்யினம். வருத்தம் வெளியிலை தெரியேக்கை காரியம் பிந்திப்போடுமாம். முதலே கண்டுபிடிச்சால் காப்பாத்திப்போடலாம்."

"ஓம் தம்பி," என்றாள் குணலட்சுமி. செத்த நாயின் நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி அவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"மருதனார்மடத்திலை புதுசா ஒரு கிளினிக் திறந்திருக்கினம். டொக்டரோடை கதைச்சிட்டன். வெள்ளிக்கிழமை காலமை கொண்டுபோங்கோ. முதல்நாள் இரவுச் சாப்பாட்டை நிப்பாட்டிப்போடுங்கோ, தண்ணி குடுக்கலாம். விடிய முதல் போற மூத்திரத்தை ஒரு போத்தலிலை பிடிச்சுக்கொண்டு போகவேணும்."

"ஆற்றை?"

"சீசற்றைதான் அக்கா, வேறை ஆற்றை?"

குணலட்சுமி சட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்து வேப்ப மரத்தடியில் சீசர் என்று பெயர் சூட்டப்பட்ட இளநாய் ஒன்று, தேங்காய்ப் பொச்சு ஒன்றைத் தூக்கியெறிந்து தானே துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கனடாக் கணக்கில் அதற்கு வயது பதின்மூன்று.

சண்டிலிப்பாயில் மதில் கட்டிய அந்த வீடு ஓவசியர் அருளம்பலத்தாருடையது. அறைகள் தாராளம், மாபிள் தரை, குடியிருக்க ஆளில்லை. அருளம்பலத்தார் கடைசிக் காலத்தில் தனியாகத்தான் கிடந்தார். ஒரே மகன் மயூரதன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, "அப்பா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பான். மனுசன் "ஓம்" என்பார். அத்தோடு அந்தக் கிழமைக்கான பாசம் முடிந்துவிடும். அவர் செத்தபோது மயூரதனுக்கு லீவு கிடைக்கவில்லை. செத்தவீட்டை நேரலையில் பார்த்தான். "கொஞ்சம் கிட்டவாக் காட்டுங்கோ, கொஞ்சம் கிட்டவாக் காட்டுங்கோ" என்று வீடியோக்காரனுக்குச் சொல்லிச் சொல்லியே அழுதானாம். பாடையின் பின்னால் சுடலைவரை நடந்து போனது சீசர்தான். அந்தக் காட்சியும் வீடியோவில் விழுந்துவிட்டது. அன்றோடு நாய்க்கு யோகம் அடித்தது. தகப்பனுக்குக் கிழமையில் ஒருமுறை வந்த அழைப்பு, நாய்க்கு ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கியது.

நாயைப் பார்க்க ஆள் வேண்டுமே. அருளம்பலத்தாருக்குச் சமைத்துக் கொடுத்துவந்த குணலட்சுமியையும் அவள் புருசன் நடராசாவையும் வளவின் பின்பக்க அறையில் இருக்கச் சொன்னான் மயூரதன். ஒரு நிபந்தனையும் சொன்னான்: "சீசர் இருக்குமட்டும் நீங்கள் இருங்கோ. அது போனாப்பிறகு வீட்டை வித்துப்போடுவம்."

ஆக, வீட்டு உறுதியை மட்டும்தான் நாயின் பெயரில் எழுதவில்லை. மற்றதெல்லாம் நாயின் பெயரில்தான் இருந்தது.

நடராசா கிணறு வெட்டி. வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லை வெடிவைத்துப் பிளந்து தண்ணீர் காட்டியவர். வெடிச்சத்தம் ஒரு காதைக் கொண்டுபோனது. கல்லுத் தூக்கியதில் முதுகு போனது. அவருடைய சொந்தக் காணி வடக்கே ஆமிக்காரனின் வேலிக்குள் கிடந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து வெளியே வந்தபோது காணி மட்டும் இருந்தது. வீடு இருந்த இடத்தில் எருக்கலை முளைத்திருந்தது. கிணற்றை மண்போட்டு மூடியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் கிணறு வெட்டியவரால் தன்னுடைய கிணற்றைத் தோண்ட முடியவில்லை. முதுகு விடவில்லை. குணலட்சுமி இன்னும் வெங்காயம் கிண்டவும் புகையிலைக்குத் தண்ணீர் மாறவும் கூலிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அந்த ஒரு அறையை விட்டால் இரண்டு பேருக்கும் போக வேறு இடமில்லை.

போன ஆடியில், காற்று மண்ணை அள்ளிக்கொட்டிய ஒரு மத்தியானத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்த சீசர் பிறகு எழும்பவில்லை. கனடாவில் விடியும்வரை பொறுத்து, இரவானதும் குணலட்சுமி கைபேசியை எடுத்தாள். மயூரதன், ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு மண்டபத்தில் நின்றான். மேளச் சத்தத்துக்கு மேலால் கத்தினான்: "அக்கா, பேந்து எடுக்கிறன்! அங்கை ஒரு புரோக்கர் வருவார், வீட்டை ஒருக்கா அளந்துபாக்க விடுங்கோ. இப்ப விக்கிறதுக்கில்லை, சும்மா ஒரு விலை அறியத்தான்!"

குணலட்சுமி கைபேசியை வைத்துவிட்டு நாயைப் பார்த்தாள். பிறகு நடராசாவைப் பார்த்தாள்.

"நாய் செத்தது ஆருக்குத் தெரியும்?" என்றார் நடராசா.

"எங்கள் ரெண்டு பேருக்கும்தான்."

"நான் செவிடன். நீ வாயை மூடிக்கொண்டிரு."

அன்று இரவோடிரவாக மாமரத்துக்குக் கீழே குழி வெட்டினார். முதுகு நோவிலும் குழியை நேராகத்தான் வெட்டினார். அது தொழில் பழக்கம். குணலட்சுமி ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தினாள். அடுத்தநாள் விடிய நடராசா சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குப் போனார். தன்னோடு கிணறு வெட்டிய முருகேசுவின் வளவில் செவலை நிறத்தில், நெஞ்சில் வெள்ளையோடு நாய்கள் நின்றதை அவர் முன்பே கண்டிருந்தார்.

அங்கேதான் அந்தப் பிழை நடந்தது. முருகேசுவின் வளவில் இரண்டு கடுவன் நாய்கள் நின்றன. ஒன்று கண் புகைத்து, மூஞ்சி நரைத்து, எழும்ப யோசித்துக்கொண்டு கிடந்தது. அச்சுக் குத்தினாற்போல் சீசரேதான். மற்றது நல்ல இளந்தாரி. நடராசா மாட்டுச் சந்தையில் நாம்பன் பார்த்து வளர்ந்த ஆள். இரண்டின் வாயையும் பிளந்து பல்லைப் பார்த்தார். பல்லுப்போன மாட்டை எந்த மடையனாவது வாங்குவானா? அவர் இளசை எடுத்துச் சைக்கிள் கரியரில் பெட்டிக்குள் இருத்தினார்.

"கிழட்டைக் கொண்டுபோனியளெண்டால் ஒருத்தனும் கண்டுபிடியானே அண்ணை," என்றான் முருகேசு.

"கிழடு அடுத்த மாசம் செத்தால் நான் திரும்பவும் உன்னட்டை வரவே? உது பத்து வருசம் நிக்கும். பத்து வருசத்துக்கு எனக்குக் கூரை."

கணக்குச் சரிதான். ஆனால் பதின்மூன்று வயதுக் கிழட்டு நாய் என்று சொல்லிப் பத்து வருட ஆயுளுள்ள நாயைக் காட்டினால் ஒருநாள் ஒருவன் விரல்விட்டு எண்ணுவானே என்பதை நடராசாவின் மாட்டுச் சந்தை மூளை யோசிக்கவில்லை.

குணலட்சுமிதான் வழி கண்டாள். சீசரின் மூஞ்சி நரைத்திருந்தது. இதற்கு நரை வேண்டும். சாமியறையில் திருநீறு இருந்தது. ஒவ்வொரு நாளும் வீடியோ அழைப்புக்கு முன்னால் நாயைப் பிடித்து வாயைச் சுற்றியும் புருவத்திலும் மெல்லிசாகப் பூசிவிடுவாள். நாய் தும்மும், நக்கும். ஆகையால் மயூரதன் கூப்பிட்டால் கதையை நீட்டக்கூடாது. "தம்பி, அதுக்கு நித்திரை வருகுது" என்று வைத்துவிடுவாள். கனடாவிலிருந்து கப்பல் பெட்டியில் முதிய நாய்களுக்கென்று விசேட உணவு வந்துகொண்டிருந்தது. நாய் அதை முகர்ந்துவிட்டுத் திரளி மீன்தலையைப் பார்க்கும். கோழிகள்தான் தின்றன. நடராசா ஒருநாள் தேத்தண்ணியோடு இரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "முகாமிலை தந்த பிஸ்கட்டிலும் பாக்க இது திறம்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஓவசியர் வீட்டு வளவில் நடந்ததை அக்கம்பக்கத்தார் மதிலுக்கு மேலால் பார்த்தார்கள். நடராசா ஒரு போத்தலைப் பிடித்துக்கொண்டு நாயின் பின்னால் குனிந்தபடி ஓடினார். நாய் ஒவ்வொரு மரமாகக் காலைத் தூக்கியது. போத்தல் வருவதைக் கண்டதும் காலை இறக்கியது. முதுகு நோவுக்காரன் குனிந்தபடி வளவைச் சுற்றி ஓடுவதை எந்த வைத்தியரும் சிபாரிசு செய்வதில்லை. கடைசியில் மதில் மூலையில் வைத்துக் கொஞ்சம் பிடித்துவிட்டார்.

"இருவத்திமூண்டு முழக் கிணறு வெட்டித் தண்ணி எடுத்திருக்கிறன். உவ்வளவு பாடு படேல்லை," என்று போத்தலைக் குணலட்சுமியிடம் நீட்டினார்.

அவள் நாய்க்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். டொக்டர் கிட்டவிருந்து பார்ப்பார் என்று அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினாள்.

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட, மேல்மாடியில் பிள்ளைகள் படிக்கும் ரியூட்டரியும் கீழே கிளினிக்கும். உள்ளே குளிரூட்டி ஓடியது. சுவரில் ஒரு நாயின் குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாம் கலர் கலராகத் தொங்கின. குணலட்சுமி போன மாதம் தன் கால்வீக்கத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், விடிய வரிசையில் நின்று, மத்தியானம் டொக்டரின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்து, பனடோலோடு திரும்பியிருந்தாள். இங்கே நாய்க்குத் தனிக் கதிரை.

டொக்டர் பிரவீணன் பேராதனையில் படித்துவிட்டு வந்த பெடியன். மரியாதையான ஆள். நாயைக் கண்டதும் முதலில் நாயோடுதான் கதைத்தான்.

"சீசரோ? வாங்கோ ஐயா, வாங்கோ. என்ன, பசியிலை இருக்கிறியளோ?" பிறகு குணலட்சுமியிடம், "அம்மா, இது பயப்பிடுற விசயமில்லை. நாய்க்கு ஏழெட்டு வயசு தாண்டினால் உள்ளுக்கை சத்தமில்லாமல் வருத்தம் தொடங்கும். சிறுநீரகம் முக்கால்வாசி பழுதாப்போகுமட்டும் வெளியிலை ஒண்டும் தெரியாது. அதுதான் ரத்தம், மூத்திரம், பல்லு, கண், இருதயம் எல்லாத்தையும் ஒருக்காப் பாக்கிறது. முதலே தெரிஞ்சால் சாப்பாட்டை மாத்தியே இன்னும் கனகாலம் வைச்சிருக்கலாம்" என்றான்.

நல்ல பேச்சு. ஆடிமாதம் சொல்லியிருந்தால் ஒருவேளை பிரயோசனப்பட்டிருக்கும்.

மயூரதன் நேரலையில் இருந்தான். அங்கே சாமம். நித்திரை முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனின் செத்தவீட்டையும் இப்படித்தான் பார்த்தவன், பழகிப்போயிருக்கும். கைபேசியைப் பிடிக்கும் பொறுப்பு நடராசாவிடம். அவர் அதைச் சுவரில் தொங்கிய நாயின் குடலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நடராசா அண்ணை, சீசரைக் காட்டுங்கோ!"

"என்ன?"

"சீசர்! சீசர்!"

"ஓம் தம்பி, நல்லாயிருக்கிறன்!" என்று கத்தினார் நடராசா.

பிரவீணன் நாயின் வாயைப் பிளந்தான். பார்த்தான். வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்து மறுபடி பார்த்தான். கண்ணைப் பார்த்தான். முகத்தைத் தடவினான். விரலில் வெள்ளை வந்தது. பஞ்சை நனைத்து மூஞ்சியைத் துடைத்தான். ஒரு துடைப்பில் பத்து வயது குறைந்தது. பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் மணந்தான்.

"என்னம்மா இது? திருநீறோ?"

"ஓம் டொக்டர். வெள்ளிக்கிழமை எல்லே. வைரவற்றை வாகனம் எண்டு பூசினனாங்கள்."

"நெத்தியிலை பூசுவினம். உதென்ன வாயைச் சுத்தி?"

"நெத்தி சின்னன் டொக்டர்."

கைபேசியிலிருந்து மயூரதனின் பெருமைப்பட்ட குரல் வந்தது: "டொக்டர், அப்பா நல்ல கவனமா வளத்தது. ஆறு மாசத்திலையே விதை எடுப்பிச்சுப்போட்டார். அதாலைதான் உவ்வளவு காலம் இருக்குது."

பிரவீணன் நாயின் வாலை உயர்த்திப் பார்த்தான். அங்கே ஒருவரும் எதையும் எடுத்ததற்கான அடையாளம் இல்லை. இருக்கவேண்டியதெல்லாம் இருந்தது, இருக்கவேண்டியதிலும் பார்க்கக் கொஞ்சம் பெரிதாகவே. குணலட்சுமி நாயின் வாலைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். அறை, அடுப்படி, கிணற்றடி, கொடியில் காயும் சேலை எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஒருமுறை வந்துபோயின. நாயின் பின்பக்கத்தில் ஒரு குடும்பத்தின் குடியிருப்பு தொங்கிக்கொண்டிருந்ததை ரொறன்ரோவிலிருந்து பார்க்க வழியில்லை. நடராசா இன்னும் குடலைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

"சிக்னல் போட்டுது," என்று சொல்லி நடராசாவின் கையிலிருந்த கைபேசியை வாங்கி நிறுத்தினான் பிரவீணன். கதவைச் சாத்தினான். நாற்காலியில் இருந்தான்.

"அம்மா, பதின்மூண்டு வயசு நாய்க்குப் பல்லுப் புதுசா முளைச்சிருக்கு. கண் தெளிஞ்சிருக்கு. வெட்டியெடுத்ததும் திரும்பி வந்திருக்கு. நான் இந்தக் கிளினிக்கைப் பூட்டிப்போட்டு உங்கடை வைரவர் கோயிலிலை பூசாரியா நிக்கிறதுதான் புத்தி."

குணலட்சுமி அழவில்லை. அழுவதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை அவளுக்கு. சீசர் செத்ததையும், வீட்டை விற்கப்போவதையும், கோப்பாய்க்குப் போனதையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிரவீணன் தலையைச் சொறிந்தான்.

"நான் மெசின் சொல்லுறதைத்தான் எழுதுவன். வயசெண்ட இடத்திலை, சொந்தக்காரர் சொன்னபடி எண்டு போடுவன். ஆனால் அவர் என்னை நேரடியாக் கேட்டால் பொய் சொல்லமாட்டன். நீங்களே சொல்லிப்போடுங்கோ. அதுதான் நல்லம்."

"ஓம் டொக்டர், சொல்லுறம்," என்றாள். சொல்லவில்லை.

இரண்டு நாளில் முடிவுகள் நேரே கனடாவுக்குப் போயின. சிறுநீரகம் திறம், ஈரல் திறம், இருதயம் குதிரை இருதயம், சீனி இல்லை, கட்டி இல்லை. மயூரதன் கூப்பிட்டபோது அவனுடைய குரல் சந்தோசத்தில் கிறீச்சிட்டது.

"குணக்கா! சீசருக்கு ஒரு வருத்தமும் இல்லை! ஒண்டுமே இல்லை! அஞ்சு வயசு நாயின்ரை ரத்தமாம்! எல்லாம் நான் அனுப்பின சாப்பாடு!"

குணலட்சுமி கோழிகளைப் பார்த்தாள். அவையும் நல்ல சுகமாகத்தான் இருந்தன.

அவன் அதை முகப்புத்தகத்தில் போட்டான். நாயின் படம், தகப்பனின் படம், சுடலை வீடியோ, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் சேர்த்து, 'அன்பும் அறிவியலும் சேர்ந்தால் முதுமையை வெல்லலாம்' என்று தலைப்பு. ஆயிரக்கணக்கானோர் இதயம் போட்டார்கள். ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலில் 'முதுமையிலும் ஆரோக்கியம்' பற்றிக் கதைக்கும்படி அவனைக் கேட்டார்கள். தாய் தகப்பனை ஊரில் விட்டுவிட்டு வந்த சனம் நிறைந்த மண்டபத்தில் முதுமையைப் பற்றிப் பேச இவனை விட்டால் ஆர்?

நடராசாவும் குணலட்சுமியும் மூன்று நாள் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். நாலாம் நாள் அழைப்பு வந்தது.

"அக்கா, ஒரு நல்ல விசயம். சீசர் உவ்வளவு சுகமா இருக்கெண்டால், அதை அங்கை தனிய விட்டுவைக்கிறது பாவம். நானும் கீர்த்திகாவும் யோசிச்சம். சீசரை இஞ்சை எடுக்கப்போறம். பிளேனிலை வாறதுக்கு உடம்பு தாங்குமோ எண்டுதான் முந்திப் பயந்தது. இப்ப ரிப்போட் இருக்குத்தானே. வீட்டுக்கும் ஒரு நல்ல கேள்வி வந்திருக்கு. ரெண்டும் ஒண்டா முடிஞ்சிடும்."

"அப்ப நாங்கள் தம்பி?"

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எயார்போட்மட்டும் சீசரோடை போய்விட்டால் காணும்."

நாய் சுகமில்லை என்று வந்தால் கூரை போகும் என்று நினைத்தார்கள். நாய் பொய் என்று வந்தாலும் போகும் என்று நினைத்தார்கள். நாய் நல்ல சுகம் என்று வந்தாலும் போகும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

அன்று பின்னேரமே குணலட்சுமி தோட்டத்துச் சேற்றுக் காலோடு கிளினிக்கில் நின்றாள்.

"டொக்டர், ஏதாவது ஒரு வருத்தம் எழுதித் தாங்கோ."

"என்னம்மா?"

"பெரிசா வேண்டாம். பிளேன் ஏறாத அளவுக்கு ஒரு சின்ன வருத்தம். இருதயத்திலை ஒரு ஓட்டையெண்டாலும் காணும்."

பிரவீணன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "அம்மா, இல்லாத வருத்தத்தை எழுத எனக்கு ஏலாது. உங்களையும் ஐயாவையும் கொண்டுவந்து மேசையிலை ஏத்தினால் விதம் விதமா வருத்தம் எடுத்துத் தருவன். இந்த நாயிலை ஒண்டும் கிடையாது. போய் உண்மையைச் சொல்லுங்கோ. தாமதிச்சால் கூடத்தான் கரைச்சல்."

வீட்டுக்கு வந்தாள். நடராசா வாசல் படலையடியில் குந்தியிருந்து பீடி பற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லப்போறன்," என்றாள் அவருடைய நல்ல காதுக்குள்.

"சொன்னால் நாளைக்கே எழும்பச் சொல்லுவான்."

"சொல்லாட்டி அடுத்த மாசம் எழும்பச் சொல்லுவான். எழும்பத்தான் போறமெண்டால் பொய்யோடை ஏன் எழும்புவான்?"

நடராசா பீடியை நிலத்தில் தேய்த்தார். "அப்ப முகத்தைக் கழுவிப்போட்டுச் சொல்லு. சேறு கிடக்கு."

அவள் நாய்க்குத் திருநீறு பூசாமலே கைபேசியை எடுத்தாள். மயூரதன் காரில் இருந்தான்.

"தம்பி, காரை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

"என்ன அக்கா? சீசருக்கு ஏதும்?"

"சீசர் செத்துப்போச்சு தம்பி."

"எப்ப? இப்பவோ?"

"போன ஆடியிலை."

மயூரதன் காரை ஒரு தரிப்பிடத்துக்குள் விட்டு நிறுத்தினான். ஏதோ ஒரு விளக்கு மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி நிழல், சாமத்தியவீட்டு மேளம், புரோக்கர், முருகேசுவின் வளவு. நோகாமல் செத்தது என்றாள். அது உண்மைதான்.

"எங்கை தாட்டனீங்கள்?"

"மாமரத்துக்குக் கீழை. அவர்தான் வெட்டினவர். வடிவா, ஆழமாத்தான் வெட்டினவர். கற்பூரம் கொளுத்தினனான்."

மயூரதன் அழத் தொடங்கினான். அது நாய்க்கு அழுகிற அழுகையாகத் தெரியவில்லை அவளுக்கு. "சுடலைக்கு அதுவாவது போச்சுது அக்கா... அதுவாவது போச்சுது..." என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். எரிந்து முடிந்து வருசக்கணக்கான ஒரு மனுசனுக்கு அந்தக் கார் தரிப்பிடத்தில் அன்றைக்குத்தான் செத்தவீடு நடந்தது. குணலட்சுமிக்கு முதல்முறையாக அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

இரக்கம் வேர்விடமுன் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண்குரல் குறுக்கே வந்தது. அவனுடைய மனிசி கீர்த்திகா.

"அழுகையைப் பிறகு பாக்கலாம். சனிக்கிழமை மண்டபத்திலை என்ன சொல்லப்போறியள்? நோட்டீசிலை உங்கடை படமும் நாயின்ரை படமும் போட்டு அடிச்சாச்சு. அந்த நாய்ச் சாப்பாட்டுக் கொம்பனிக்காரரும் வருகினம்."

மயூரதன் மூக்கைச் சீறினான். நிமிர்ந்தான். அழுத முகம் மெல்ல மெல்ல யோசிக்கிற முகமாக மாறுவதைக் குணலட்சுமி இங்கிருந்தே பார்த்தாள்.

"அக்கா... இது வேறை ஆருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும். முருகேசுவுக்குத் தெரியும். டொக்டருக்கும் தெரியும்."

"டொக்டர் வெளியிலை சொல்லுவாரோ?"

"நீங்கள் கேட்டால்தான் சொல்லுவன் எண்டவர்."

"நான் கேக்கமாட்டன்," என்றான் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நீங்கள் செய்தது பெரிய பிழை. சரியே? ஆனால் நடந்தது நடந்துபோச்சு. நீங்கள் இப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ."

"அப்ப நாயை அங்கை எடுக்கிற விசயம்?"

"என்னெண்டு எடுக்கிறது? இஞ்சை வந்தால் முதல்வேலையா வேறை டொக்டர் பாப்பான். வாலைத் தூக்கினால் என்ரை மானம் போயிடும். அது அங்கையே நிக்கட்டும். நீங்களும் நில்லுங்கோ."

"வீட்டுக்கு ஆரோ கேட்டதெண்டியள்?"

கீர்த்திகாவின் குரல் வந்தது: "வீட்டை வித்தால் நாய் எங்கையெண்டு சனம் கேக்கும்!"

"வீடு இப்ப விக்கிறதில்லை," என்றான் மயூரதன். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "இன்னொண்டு அக்கா. உதுக்கும் ஏதும் நடந்தால் எனக்கு முதல் சொல்லவேணும். நீங்களாப் போய் ஒண்டையும் பிடியாதேங்கோ. படம் அனுப்புங்கோ, நான் பாத்துத் தெரிவு செய்யிறன். நடராசா அண்ணைக்கு நாயைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது."

அன்றிரவு முகப்புத்தகத்தில் புதிய பதிவு ஒன்று வந்தது. அடுத்தநாள் காலையில் வெங்காயத் தோட்டத்துக்குப் போகமுன், தலைக்குத் துணி கட்டியபடி, குணலட்சுமி அதை நடராசாவுக்குச் சத்தமாக வாசித்தாள். சீசரைக் கனடாவுக்கு அழைத்து வர எல்லா ஏற்பாடும் செய்தாராம் மயூரதன். ஆனால் வாசல் படலையைத் தாண்டச் சீசர் மறுத்துவிட்டதாம். நிலத்தில் படுத்து முற்றத்து மண்ணை முகர்ந்து கண்ணீர் விட்டதாம். 'பிறந்த மண்ணை விட்டு வர அந்த வாயில்லாச் சீவனுக்கு மனமில்லை. நாம் விட்டு வந்தோம். அது விட்டு வரவில்லை. அதன் காலடியில் என் தலையை வைக்கிறேன்' என்று முடித்திருந்தான். கீழே சனம் அழுதுகொண்டிருந்தது. ஒருவர் கவிதையே எழுதியிருந்தார்.

"என்னவாம்?" என்றார் நடராசா மற்றக் காதைத் திருப்பி.

"நாய் மண்ணை விட்டு வராதாம். அதாலை நாங்களும் இருக்கலாமாம்."

"என்ரை காணியை விட்டு என்னைக் கலைக்கேக்கை நானும் படலையிலை விழுந்து கிடந்தனான். ஒருத்தனும் இதயம் போடேல்லை," என்றார் நடராசா.

குணலட்சுமி தலைத்துணியை இறுக்கினாள். தேத்தண்ணிப் போத்தலையும் கூடையையும் எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தாள். திறந்த படலைக்குள்ளால் நாய் அவளை முந்திக்கொண்டு ஒழுங்கையில் பாய்ந்து, தான் பிறந்த கோப்பாய்ப் பக்கமாக ஒரே ஓட்டமாக ஓடியது.

"பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று கத்தினாள் குணலட்சுமி. நடராசா சைக்கிளை நோக்கி முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.